பெரிய வால்வு

செவ்வாய், இரவு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மைத்துனனின் பட்டறையில் சேர்ந்த நாள்முதல் அதைத்தான் செய்துவருகிறேன்.

தினமும் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் ஆசிரியர் ஒருவர், பைக் இழுக்கவில்லை என்று விட்டுப்போயிருந்தார். பவர் ஏற்ற மைத்துனன் என்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பெரிய வால்வு போட்டான். அதற்காக ஹெட்டை ரொம்பவும் குடைந்துவிட்டான். வால்வு உட்காரும் வளையத்துக்குப் பிடிமானமே இல்லை. மலையில் சூடேறினால் வளையம் கழன்று விழும். என்ஜின் இறுகி, கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

இன்று ஆசிரியரிடம் வண்டியைக் கொடுக்கும்போது மைத்துனனிடம் இதைச் சொன்னேன்.

"இன்னா மாமா, தியாகதுருகம் வரைக்கும் முறுக்கிக்கினு போய்ட்டு வந்தேன். பறக்குது!"

"அது சமதளம்டா."

"சார், எங்க மாமா இன்ஜினியரிங் படிச்சவரு. பிளக்கு கழட்டத்தான் தெரியாது."

ஆசிரியர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஆசிரியரிடம் போனில் பேசினால் என் குரல் தெரிந்துவிடும்; மைத்துனன் காதுக்குப் போய்விடும். நான் குடியிருப்பது மைத்துனன் வீட்டில். வண்டியை மலையில் ஓட்ட வேண்டாம் என்று அவருடைய பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். சேர இரண்டு நாளாகும். அதற்குள் எத்தனை வளைவுகள். சேர்ந்தாலும் மொட்டைக் கடிதத்தை யார் நம்புவார்கள்?

கடிதத்தின் அடியில் என் பெயரெழுதப் பேனாவை இரண்டு முறை எடுத்தேன். முடியவில்லை. விடிந்ததும் பெயரில்லாமல் அப்படியே தபாலில் போட்டுவிடுவேன்.