பாரத்தை எம்மேல போடு

மதினி,

இன்று காலை ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது பக்கத்தில் இருந்தவள் தைலப் புட்டியைத் திறந்தாள். நீ இடுப்பில் தேய்க்கும் அதே தைலம்; அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏலக்காய் செடியின் தூரில் அல்லவா காய்க்கிறது! குனிந்தே எடுத்து மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். எஸ்டேட்டுக்கு ஒருநாள் வந்த யோகா டீச்சர் சொல்லிக்கொடுத்ததை நாம் இரண்டுபேர்தான் விடாமல் செய்தோம். சோற்றுத் தூக்கைத் திறக்கும் முன் முதுகோடு முதுகு சாய்ந்து, கண்ணை மூடி, சேர்ந்தே மூச்சை இழுத்து விடுவோம். பிறகு முழங்கைகளைக் கோத்துக்கொண்டு, தரையில் கை ஊன்றாமல் எழுவோம்.

"பாரத்தை எம்மேல போடு மதினி. ரெண்டு பேரும் சமமாத் தள்ளுனாத்தான் எந்திரிக்க முடியும்" என்பாய்.

"மூட்டையத் தாங்குறது நானு, பேச்சு ஒனக்கா?" என்பேன். நீ குலுங்கிச் சிரிப்பது என் முதுகில் தெரியும்.

முறைக்கு மதினிதானே என்று உன் மகனுக்கு என் மகளைக் கேட்டாய். "அவ படிக்கட்டும், பெறகு பாப்போம்" என்று மழுப்பினேன். மலையேறும் பிழைப்பு அவளுக்கும் வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நீ என்மேல் சாயவில்லை. பட்டும் படாமல் நிமிர்ந்தே இருந்தாய். பெண் கொடுக்காத கோபம் என்று நினைத்தேன். இவளுக்கே இவ்வளவு இருந்தால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று நானும் நிமிர்ந்துகொண்டேன். அதன்பிறகு அவரவர் கையை ஊன்றித்தான் எழுந்தோம்.

இரண்டு மாதம் கழித்துத் தேனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்தேன். புற்றுநோய் முதுகெலும்புவரை பரவிவிட்டதாம்.

"அப்பவே சொல்லக் கூடாதா மதினி?" என்று அழுதேன்.

"சாஞ்சா வலியில ஒடம்பு நடுங்கும். நீ கண்டுபிடிச்சிருவ. சோலியப் போட்டுட்டு என்னயத் தூக்கிக்கிட்டு அலைவ. அதான்."

உன்னிடம் கோபம் துளிகூட இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீயும்தான சாயல. ஒனக்கும் முதுகு வலியா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

என் இடுப்பைத் தேய்த்துவிடக் கையை நீட்டினாய். எட்டவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

எனக்கு வலி ஏதும் இல்லை, மதினி. வெறும் வீம்பு. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.