அடியில் இருந்த எண்

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவின் சைக்கிளைப் பின்னறையிலிருந்து வெளியே எடுத்தாயிற்று. எடுக்கச் சொன்னது அண்ணன், எடுத்தது நான். அவன் இன்சூரன்ஸ் விற்கிறவன். எதையும் வாயால் தூக்குவதோடு சரி.

சைக்கிள் கம்பெனிக்காரர்கள் தங்கள் பழைய வண்டிகளை வைக்க ஒரு காட்சிக்கூடம் கட்டியிருக்கிறார்கள். ஆரம்ப வருஷத்து வண்டி ஒன்றுகூட அகப்படவில்லையாம். இவன் போய், "எங்க வீட்ல இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பதினைந்தாம் தேதி ஆள் வருகிறார். அதற்குள் வண்டியின் வயசை நான் கண்டுபிடிக்க வேண்டும். பல்செட் செய்கிறவளிடம் பூதக்கண்ணாடி இருக்கிறதே, அதனால்.

எனக்குக் கொடுக்க மனசில்லை. அப்பா தினம் தொட்ட பொருள் என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அம்மாவைக் கேட்டேன். "கம்பெனி வண்டிதான். குடுக்கிறதுன்னா குடுங்க" என்றாள். பீன்ஸ் நறுக்குகிற கை நிற்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். முன்னால் கம்பெனித் தகடு அப்படியே இருக்கிறது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது தகட்டை அல்ல, மூட்டுகளை.

குழாயும் குழாயும் சேரும் இடத்தில் பித்தளையை உருக்கிப் பாய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின இடமே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன், நகம் எங்கும் தட்டவில்லை. பல்லும் ஈறும் சேருகிற விளிம்பை இழைத்து இழைத்து எனக்குக் கண் போனதுதான் மிச்சம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விளிம்பு எனக்கு அமைந்ததில்லை. எவனோ ஒருத்தன், மெஷின் மாதிரி நூறு வண்டி ஒட்டுகிறவன், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட்டான்? அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

பெடல் அச்சு போகிற குழாயின் அடியில் ஏதோ எண். துரு தின்றது போக நிழல்தான் பாக்கி. சுரண்டினால் அதுவும் போய்விடும். எங்கள் பல்செட் லேபிலிருந்து அச்சுப் பசை கொண்டுவந்து, வாயில் அளவெடுப்பது போலவே அப்பி எடுத்தேன். அந்த அச்சில் பல் வார்க்கிற சுண்ண மாவைக் கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் மேலே பென்சில் தூளைத் தேய்த்தால், அழகாக எழுந்து வந்தது: 417.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நானூத்திப் பதினேழாவது வண்டிடீ. அப்ப முதல் வருஷமேதான்." ஊரெல்லாம் சொல்லியிருப்பான் இந்நேரம்.

மார்ச் 9, திங்கள்

கணக்கு உதைக்கிறது. பின்சக்கரத்தின் நடுவில், ஹப்பில், 71 என்று வருஷம் அடித்திருக்கிறது. அப்போது கம்பெனி ஆரம்பித்து இருபது வருஷமாவது ஆகியிருக்கும்.

பழைய சைக்கிள் சேர்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், எங்கள் லேபில் பல் கட்டிக்கொண்டவர். எல்லாரும் 'மீசை' என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் கேட்டேன். "சக்கரம் மாத்தினதா இருக்கும்மா. ஹப்பை வச்சு வண்டிக்கு வயசு சொன்னா, செருப்பை வச்சு ஆளுக்கு வயசு சொல்ற மாதிரி" என்றார். வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். அதிலும் 71. கம்பிகளும் ஒரே வயசு. எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை போலத்தான் இருக்கின்றன.

அண்ணனிடம் சொன்னேன். "நீ கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றான்.

மார்ச் 12, வியாழன்

 

மாவு அச்சைச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தேன். காலையில் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். "என் நம்பரை எதுக்குடி வார்த்து வச்சிருக்க?"

உன் நம்பரா?

கல்யாணமான புதிதில் அம்மா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தது எங்களுக்குத் தெரியும். பாக்கிங்கில் என்று நினைத்திருந்தோம். யார் சொன்னது பாக்கிங் என்று? யாரும் சொல்லவில்லை. நாங்களே வைத்துக்கொண்டோம். அம்மா ஒட்டுகிற பிரிவில் இருந்திருக்கிறாள், கையில் நெருப்போடு.

"மூட்டு ஒட்டினவங்க அவங்கவங்க நம்பரை அடியில அடிக்கணும். ஒட்டு விட்டுப்போச்சுன்னா யாரைப் பிடிக்கிறது?" என்றாள். அப்பா அப்போது வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்க நடையாய் நடந்திருக்கிறார். கம்பெனியில் கழித்துப்போட்ட குழாய்களை வேலைக்காரர்களே விலைக்கு எடுத்துக்கொள்ளலாமாம். அம்மா எடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாள். சக்கரம் மட்டும் புதுசு. தகட்டை மேஸ்திரி கொடுத்தாராம்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"உங்கப்பா தெருவெல்லாம் சொல்லணும்னுதான் நின்னார். நான்தான் வேணாம்னேன். பொண்டாட்டி செஞ்ச வண்டியாம், ஏறினா கழண்டுடும்னு சிரிப்பாங்க. அந்த மனுஷன் மானமா ஓட்டட்டும்னு விட்டுட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். எவனோ ஒருத்தன் என்று எழுதினேனே, இதே நோட்டில். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைப் பழந்துணியால் துடைப்பார். மூட்டுகளை மட்டும் தன் கைக்குட்டையால். அது ஏன் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அழுதேன். "மாவு காயலியா, அதுக்கா அழற?" என்றாள்.

மார்ச் 14, சனி

அண்ணன் வந்தான். விஷயத்தைக் கேட்டு நேராக வண்டியிடம் போய், குனிந்து அடியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நாளைக்கு அவர்கிட்ட என்ன சொல்றது?" என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

கம்பெனி ஆள் நல்ல மனுஷர். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, இது முதல் வருஷத்து வண்டி இல்லை என்று உடனே சொல்லிவிட்டார். அண்ணன் நடந்ததைச் சொன்னான். அவர் வண்டியை நிமிர்த்தி மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், என்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு. "இந்த வேலைக்காகவே வைக்கலாம் சார். ஆனா பலகையில கம்பெனி பேர் மட்டும்தான் போட முடியும். தனி ஆள் பேர் போடுறதில்ல" என்றார்.

அண்ணன் தலையாட்டப் போனான்.

அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சீட்டின் மேல் கையை வைத்தாள். "அவர் இருக்கிற வரைக்கும் கம்பெனி பேர்ல ஓடுச்சு. போதும். தப்பாச்சுன்னா பிடிக்கிறதுக்கு என் நம்பர். நல்லா வந்ததுக்கு மட்டும் அவங்க பேரா? வண்டி இங்கயே இருக்கட்டும் தம்பி. காபி சாப்பிட்டுப் போங்க."

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அண்ணன் வாசல் வரை கூடப் போனான். திரும்பி வந்து முன்தகட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

எவ்வளவு பெருமையாக இருக்கிறது எனக்கு. எங்க அம்மாடீ, எங்க அம்மா.

மார்ச் 19, வியாழன்

புது டயர் போட்டாயிற்று. அம்மா ஒரு மூட்டைக் காட்டி, "இது அரை நூல் கோணல், அன்னைக்கு மேஸ்திரி கூப்பிட்டுட்டார்" என்றாள். என் கண்ணுக்குக் கோணல் தெரியவில்லை.

இன்று லேபுக்கு அதில்தான் போனேன். வழியில் பழக்கடைக்காரர் நிறுத்தி, தகடு இருந்த இடத்தைப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி வண்டிம்மா?" என்று கேட்டார். எங்கள் அம்மா செய்தது என்றேன். அவர் சிரித்தார்.

இறங்கினேன். நடுத்தெருவில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நம்பரைக் காட்டினேன். மூட்டுகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், ஒவ்வொன்றாக. லேபுக்குப் போக நேரமாகிவிட்டது.