மாடிப்படி வழியாகப் பனியாற்றுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். எல்லாரும் கடிதத்தின் தலையில் போடுகிற நலம் என்று நினைத்துவிடாதே, டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டு, முட்டியில் தட்டிப் பார்த்து, போய் வாருங்கள் என்று சொன்ன நலம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், கை கால் விரல்கள் கணக்குக்குச் சரியாக இருக்கின்றனவா, குளிரில் ஒன்றிரண்டு குறைந்துவிடவில்லையே என்று அம்மா கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் எதற்குப் போனோம் என்று பதறாதே, சொல்கிறேன். கடைசிப் பக்கத்துக்கும் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். வரிசையாகப் படித்தால்தான் உன் அப்பன் பட்ட பாடு விளங்கும்.

போன தடவை நீ மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்துப் பேசினாயே, அப்போது அம்மா கேட்டாள், நாங்கள் ஒரு நடை வந்து நீ அளக்கிற பனியாற்றைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று. நீ சிரித்தாய். "வேண்டாம்மா, உன்னால இங்கெல்லாம் ஏற முடியாது, அடுத்த வருஷம் நானே வரேன்" என்றாய். போன வருஷமும் இதையேதான் சொன்னாய். அதை அவள் உனக்கு ஞாபகப்படுத்தவில்லை. சரிடா, உடம்பைப் பார்த்துக்கோ என்று போனை வைத்தவள், தன் சலவைக்கடையிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு தலையணை உறையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி தேய்த்தாள், அதையே மறுபடியும். எனக்குப் பொறுக்கவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நாம் போனால் என்ன என்று கேட்டேன். சும்மா ஆறுதலுக்குக் கேட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு "எப்போ?" என்றாள். இவ்வளவு காலம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன்தான் நான், ஆனால் இவ்வளவு உயரத்தில் மாட்டிக்கொண்டதில்லை.

விசாரித்ததில், உன் பக்கத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரே ஒரு அம்மாள்தானாம். கரகரத்த குரல், கணக்கான பேச்சு. அவரை மலைக்காரம்மா என்றே எழுதுகிறேன். பெரும் பனி விழுவதற்கு முன் ஒரே ஒரு வாரம்தான் வெளியாட்களை விடுவார்கள், அதில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றார். பஸ்ஸில் ஒரு நாள், ஜீப்பில் ஒரு நாள், அடிவாரத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து உடம்பை உயரத்துக்குப் பழக்க வேண்டும். சும்மா உட்காருவதற்கு எனக்குப் பயிற்சியே வேண்டாம் என்றேன், அவர் சிரிக்கவில்லை. அதற்கு மேல் சக்கரம் போகாது, உன் ஆராய்ச்சி நிலையம் வரை முதுகில் பையோடு அரை நாள் ஏற்றம், தூக்கிவிட ஆள் கிடையாது. நாங்கள் நன்றாக ஏறுவோம் என்றேன். "போன்ல எல்லாருமே நல்லா ஏறுவாங்க சார்" என்றார். முதலில் டாக்டர் சான்றிதழ் கேட்டார், நாங்கள் டாக்டரிடம் போனது அதற்குத்தான். பிறகு பரீட்சையைச் சொன்னார். உயரமான கட்டடம் ஒன்றில் பையை மாட்டிக்கொண்டு அடியிலிருந்து உச்சி வரை நிற்காமல் ஏற வேண்டும், வீடியோவில் அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், உச்சியில் நின்று அவர் போதும் என்கிற வரை திக்காமல் பேச வேண்டும். பேச்சு நடுவில் அறுந்தால் அந்த இடம் வேறு ஆளுக்கு. பேசுவதுதானே என்று நான் மனசுக்குள் பாயாசம் சாப்பிட்ட மாதிரி இருந்தேன். அம்மாவும் என்னைப் பார்த்து, உங்களுக்கென்ன, தூக்கத்திலும் பேசுவீர்கள் என்றாள்.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியாததில்லை. லிஃப்ட் மெக்கானிக். நாம் இருக்கிற இந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்து லிஃப்ட்டும் என் பொறுப்புதான். லிஃப்ட்டை நம்பிப் பிழைக்கிறவன் படியில் கால் வைப்பது தொழிலுக்குத் துரோகம் என்று கொள்கையாகவே வாழ்ந்தவன். முதல் நாள் பழைய கப்பிச் சக்கரம் ஒன்றைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்காம் மாடியில் தபால்காரர் எதிரே வந்து நம் வீட்டுக் கதவு எண்ணைக் கேட்டார், எனக்கு வாயிலிருந்து காற்றுதான் வந்தது, கையை விரித்துக் காட்டினேன், யாரோ ஊமை என்று இரக்கப்பட்டுப் போய்விட்டார். உன் அம்மாவோ கடையில் பழையதாய்ப் போட்டிருந்த இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நின்று தேய்க்கிற காலில்லையா, எனக்கு முன்னால் போய் மேலே உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்கிற மாதிரி நிதானமாக நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தை உன் மாமாவிடம் மட்டும் சொன்னோம். வேறு யாருக்காவது தெரிந்தால் உன் காதுக்கு வந்துவிடும், நீ தடுப்பாய். தோற்றுவிட்டால் ஊர் முகத்தில் முழிக்கவும் முடியாது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் அந்த ஜீப்பில் ஏறிவிட்டால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார். அந்த மீசைக்கு அவர் எண்ணெய் போடுகிற அழகை நீ பார்த்திருக்கிறாய்.

இங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. நான் ஏறுவதை முதலில் பார்த்தவர் ஏழாம் மாடிப் பல் டாக்டர். என்ன சார், லிஃப்ட் என்னாச்சு என்றார். ஒன்றுமில்லை சார் என்று மூச்சுக்கு இடையில் சொல்லிவிட்டு மேலே போனேன். நீயே யோசித்துப் பார். லிஃப்ட் மெக்கானிக், முகமெல்லாம் வேர்வை, முதுகில் இரும்பு கடகடக்கிறது, திருட்டு முழி முழித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்கிறான், ஆனால் லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்கிறான். மறுநாளே கட்டடம் முழுக்கக் கண் காது மூக்கு வைத்துப் பரவிவிட்டது. கம்பி தேய்ந்துவிட்டதாம், நான் ஒரு கப்பியைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறேனாம், கம்பெனி வாயை மூடச் சொல்லியிருக்கிறதாம். ஒரு ஜீவன் லிஃப்ட்டில் ஏறவில்லை. பன்னிரண்டாம் மாடிப் பியானோ டீச்சர் வகுப்பைக் கீழே வாசல் கூடத்துக்கு மாற்றிவிட்டார். பியானோ மேலே, பிள்ளைகள் கீழே, எல்லாரும் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு வாரம் கட்டடத்தில் எல்லாருக்கும் காது குளிர்ந்திருந்தது என்பது வேறு விஷயம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார். மேனேஜர் கூப்பிட்டார். நான் லீவு கேட்டு வைத்திருந்த தாள் அவர் முன்னால்தான் கிடந்தது. "நம்ம ஆளே லிஃப்ட்ல ஏறலேன்னா நான் யார்கிட்ட போய் லிஃப்ட் விக்கிறது?" என்றார். ஜனங்கள் மறுபடி ஏறுகிற வரை லீவைப் பற்றிப் பேசாதே என்று அனுப்பிவிட்டார். பாதை திறக்கிறது ஒரு வாரம், அந்த வாரம் போனால் அம்மா இன்னொரு வருஷம் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், சரி, எல்லாரையும் கீழே கூப்பிடுங்கள் என்றாள்.

வாசல் கூடத்தில் கூட்டம் கூடியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, நாங்கள் பனியாறு பார்க்கப் போகிறோம், அதற்குத்தான் படியேறிப் பழகுகிறேன் என்றேன். எல்லார் கண்ணும் என் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி என் வயிற்றில் வந்து நின்றது. செயலாளர் ரொம்ப மரியாதையாக, சார், வேறு ஏதாவது நம்புகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். அறுந்த கம்பியை நம்புகிறார்கள், என்னை நம்பவில்லை. அப்போது அம்மா முன்னால் வந்தாள். "லிஃப்ட்டுல ஒரு கோளாறும் இல்லைங்க. கோளாறு இவர்கிட்டதான். அதான் ஏற வெச்சிருக்கேன்" என்றாள். கூடமே சிரித்தது, நானும் அசடு வழிந்தேன். பியானோ டீச்சர் மட்டும் சிரிக்காமல், அப்படியானால் நாங்கள் ஏறும்போதெல்லாம் நீங்களும் கூடவே உள்ளே வர வேண்டும், விழுந்தால் சேர்ந்து விழலாம் என்றார்.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் லிஃப்ட்டுக்குள் ஒரு முக்காலி போட்டுப் பிணைக்கைதியாக உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கப் போகிறவர், நாயை நடத்தப் போகிறவர், எல்லாரோடும் மேலே கீழே, மேலே கீழே. அம்மா தன் பயிற்சியை விடுவாளா? இஸ்திரிப் பெட்டிப் பையை மாட்டிக்கொண்டு படியில் போய்க்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு எந்த மாடியில் திறந்தாலும் அவள் கடந்து போவது தெரியும். முதலில் ஜனங்கள் கம்பி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், போகப் போக, இப்போது எங்கே போயிருப்பார், ஆறா ஏழா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் பார்ப்பதற்காகவே நடுவில் இறங்கினார். உச்சியில் ஒரு தடவை கதவு திறந்தபோது அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். செயலாளர் பொறுக்க மாட்டாமல், ஏம்மா இந்த வயசில் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டுவிட்டார். "எம் பொண்ணு மேல இருக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், திரும்பிக் கீழே இறங்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் பயணத்தைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது. திங்கட்கிழமை செயலாளரே மேனேஜருக்குப் போன் போட்டு லிஃப்ட் பிரமாதம் என்று சொல்ல, லீவு கையில் வந்தது. ஆனால் பரீட்சை பாக்கி.

சனிக்கிழமை பரீட்சை. கட்டடமே திரண்டுவிட்டது, பாதிப் பேர் லிஃப்ட்டில் ஏறி உச்சியில் போய் நின்றுகொண்டார்கள். மலைக்காரம்மாவுக்குக் கீழே முகத்தைக் காட்டிவிட்டு ஏறினோம். அம்மா முன்னால், நான் பின்னால். எட்டாம் மாடியில் என் இருதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தாம் மாடியில், இந்தக் கட்டடத்தைக் கட்டிய என்ஜினீயரின் குடும்பத்தை நினைத்துக்கொண்டேன், என்ன நினைத்தேன் என்று எழுத முடியாது. எப்படியோ உச்சி வந்தது. அம்மா போனை வாங்கி நிறுத்தாமல் பேசினாள். என் பெண் அங்கே என்ன சாப்பிடுகிறாள், படுக்கிற அறையில் ஜன்னல் சாத்துகிறதா, காலில் ஈரத்தோடு திரிவாளே, யாராவது சொல்கிறார்களா, சேர்ந்து சிரிக்க அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள், இப்படியே போய்க்கொண்டிருந்தாள். மலைக்காரம்மாதான் குறுக்கிட்டுப் போதும்மா, போதும் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அடுத்தது நான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாளெல்லாம் பேசிக் கொட்டிய வாய் இது, கல்யாண வீட்டில் நீ மைக்கைப் பிடுங்க வேண்டியிருந்த வாய், வறண்டு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சார் என்று கூப்பிட்டார் மலைக்காரம்மா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோற்றால் அவள் தனியாகப் போக மாட்டாள், அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதைச் சொல்லாமல்தான் பார்த்தாள். "அவசரமில்லை சார், ஆரம்பிங்க. ஆரம்பிச்சா நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றது போன். பியானோ டீச்சர் என் காதோரம் வந்து, லிஃப்ட் கதையைச் சொல்லுங்கள் என்றார். எங்கள் லிஃப்ட்டில் ஒரு கோளாறும் இல்லை என்று எடுத்தேன் பார், தபால்காரர், பல் டாக்டர், மேசையில் பியானோ வாசித்த பிள்ளைகள், முக்காலி என்று மடை திறந்த மாதிரி வந்தது. இந்த மாதிரி நான் வாழ்க்கையில் பேசியதில்லை. இதுவரை ஒரு தடவைகூடச் சிரிக்காத அந்தக் கரகரத்த குரல் சிரித்தது. "நிறுத்துங்க சார், ரெண்டு பேரும் வாங்க. ஏறும்போது மட்டும் தயவுசெஞ்சு பேசாதீங்க" என்றது. படி முழுக்கக் கைதட்டல். நாய்கூடக் குரைத்தது. பல் டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்தார், நான் அவர் மேல் சாய்ந்தேன், நிற்க முடியாமல்தான் சாய்ந்தேன், பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆக, வருகிறோம். இந்தக் கடிதம் உங்களுக்கு மளிகை ஏற்றி வரும் ஜீப்பில் வரும், அதற்கு அடுத்ததில் நாங்கள். வேண்டாம்ப்பா என்று நீ பதில் எழுதினாலும் அது எங்களை வழியில்தான் சந்திக்கும். புது பூட்ஸைப் பழக்குவதற்காக நான் வேலைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போகிறேன், அம்மா தன்னுடையதைப் போட்டுக்கொண்டே சமைக்கிறாள். உனக்குக் கம்பளி உறை போட்ட தலையணை ஒன்று வைத்திருக்கிறாள், எடையில் சேராது என்று மலைக்காரம்மாவிடமே வாதாடி ஜெயித்தாள். மாமா, நான் ஜீப்பில் ஏறுகிற வரை பொறுக்கச் சொல்லி ஒரு வாரம் ஓடி ஒளிந்தார், டிக்கெட்டைக் காட்டியதும் வேறு வழியில்லாமல் மீசையை எடுத்துவிட்டார். படம் எடுத்து வருகிறோம், பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டுவிடாதே, மனசு உடைந்து போயிருக்கிறார். உன் வேலையைக் கெடுக்க மாட்டோம், நீ உன் பனியாற்றை அளந்துகொண்டிரு, நாங்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே, இருமல் இருந்தால் மறைக்காதே, அம்மா வந்த அன்றே கண்டுபிடித்துவிடுவாள்.

நாங்கள் நினைத்தது நடந்துவிட்டது, அதே மாதிரி நீ நினைப்பதெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. வளைவில் எங்கள் தலை தெரிந்ததும் நீ பாட்டுக்கு ஓடி இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துவிடாதே, பையையும் வாங்காதே, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. உன் வாசலிலேயே நில். அவள் தன் காலால் ஏறி உன் முன்னால் வந்து நிற்க வேண்டும், நீ அதைப் பார்க்க வேண்டும். என் பையை வேண்டுமானால் யாரும் பார்க்காத நேரத்தில் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன்னை நோக்கிப் புறப்பட்டுவிட்ட
அப்பா