இரண்டு வரை எண்ணத் தெரியாதவன்

ஏப்ரல் 9, செவ்வாய்

விடுதிச் சலவை இயந்திரத்தில் அதே கால்சட்டைகளை மறுபடியும் போட்டிருக்கிறேன். மைதானத்துச் செம்மண் போவேனா என்கிறது.

கல்லூரி இணையதளத்தில் ‘பேஸ்பால் பயிற்சிக் குழு’ என்று மூன்று படங்கள். நடுவில் தலைமை கோச் பிரெக்கன், கையைக் கட்டிக்கொண்டு, அணை கட்டி முடித்தவர் மாதிரி. இடப்பக்கம் என் கணவன் நெல்ஸ், பிட்சிங் கோச். வலப்பக்கம் டிலன், போன வருஷம்வரை இங்கே மாணவன், இப்போது உதவி கோச். பிட்சிங் கோச் என்றால் பந்து வீசுகிற பையன்களைப் பழக்குபவன் என்றுதான் கல்யாணத்துக்கு முன் நினைத்திருந்தேன். புல் வெட்டுவது, பேருந்து ஓட்டுவது, சீருடை துவைப்பது, இந்த விடுதிக்குக் காவல் இருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பெயர். கீழ்த்தளத்து இரண்டு அறை எங்கள் வீடு. இப்போதுதான் குழந்தை டெஸ்ஸாவைத் தூங்க வைத்தேன். மாடியில் எவனோ சுவரில் பந்தடிக்கிறான்.

மைக்கா இன்று சாப்பாட்டுக் கூடத்தில் இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அணியின் முதல் பிட்சர், வலக்கைக்காரன். நெல்ஸிடம் சொன்னேன்.

“தெரியும்” என்றான்.

தெரிந்தால்?

ஏப்ரல் 13, சனி

இன்று இரட்டை ஆட்டம். முதல் ஆட்டம் முழுக்க மைக்காவை வீச வைத்த பிரெக்கன், இரண்டாவது ஆட்டத்தின் கடைசியிலும் அவனையே கூப்பிட்டார். காலையில் உழுத மாட்டை மாலையிலும் பூட்டுகிற மாதிரி! பக்கத்தில் நெல்ஸ் நிற்கிறான். வாயில் சூரியகாந்தி விதை. தோலைத் துப்பிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “நீதானே பிட்சிங் கோச்?”

“பேரு அப்படி.”

“அப்புறம் என்ன?”

“ஆளை மாத்துறது அவர் முடிவு, ஜோ. பந்து வீசுற மேட்டுக்குப் போய் நான் அவன்கிட்ட பேசிட்டு வரலாம். அவ்வளவுதான்.”

“பேசிட்டு வா, பேசிட்டு வா! அவன் கை பிஞ்சு விழுந்ததும் அதுகிட்டயும் பேசு!”

குழந்தை எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 14

பேசவில்லை. அவனும்.

ஏப்ரல் 24, புதன்

மைக்கா வந்தான், உறைந்த பட்டாணிப் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. முழங்கைக்கு வைக்க. டெஸ்ஸாவை இடக்கையால் தூக்கிக் கொஞ்சினான்.

“எப்படிடா இருக்கு?”

“ரெண்டு விரல் மரத்துப் போகுதுக்கா. வீசும்போது தெரியல. கோச்கிட்ட சொல்லிடாதீங்க. ஃபைனல் வருது. அப்பா பண்ணையை விட்டுட்டு வர்றார்.”

சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? நெல்ஸ் உடனே பிரெக்கனிடம் போனான். திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“என்ன சொன்னார்?”

“வலிக்காத கை எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் முடியும்னான்.”

“அவன் அப்படித்தான் சொல்லுவான்! இருபது வயசு!”

“என் வார்த்தை இல்லாம அவனை வெளிய எடுத்தா வேற வீடு பார்த்துக்கோன்னார்.”

நானும் சுற்றிப் பார்த்தேன். தொட்டில், துணிக்கூடை, ஈரச் சுவர். இதை வைத்துத்தான் மிரட்டுகிறான்! வேறு வீட்டு வாடகையை ஒரு நிமிஷம் நானும் கணக்குப் போட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக என் மேலும் கோபம்.

மே 4, சனி

ஃபைனலில் தோற்றுவிட்டோம். தோற்றது போகட்டும். அவமானம்!

எட்டாவது இன்னிங்ஸ். எங்களுக்கு ஒரே ஓட்டம் முன்னிலை. மைக்காவின் பந்து எங்கெங்கோ போகிறது. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு விரல்களைத் தொடையில் தேய்த்துக்கொள்கிறான். பிரெக்கன் கையைக் கட்டிக்கொண்டு சிலை. நெல்ஸ் மேட்டுக்குப் போனான், பேசினான், திரும்பி வந்தான். அதே பேச்சு, அதே விதை. நாலு பந்து தப்பிப் போனதால் அடுத்த மட்டைக்காரனும் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகிறான். உடனே நெல்ஸ் மறுபடியும் கிளம்பினான்.

ஒரே இன்னிங்ஸில் கோச் இரண்டாவது தடவை மேட்டுக்குப் போனால் அந்த பிட்சர் வெளியேறியே ஆகவேண்டும். இந்த ஊரில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அம்பயர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார், “கோச், வேண்டாம், ஏற்கனவே ஒரு தடவை!” என்று. இவன் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறான்.

மைக்கா வெளியே. கையுறையைத் தரையில் எறிந்தான். வந்த மாற்றுப் பையனை அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

பிரெக்கன் எல்லோர் முன்னாலும் கத்தினார்: “டேய், ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?”

“மறந்துட்டேன், கோச்.”

மறந்துட்டானாம். ‘இவன் கை முக்கியம், எடுக்கிறேன்’ என்று நிமிர்ந்து சொல்லியிருந்தால் வீடு போனாலும் தலை நிமிர்ந்து போயிருப்பேன். அதற்குத் தைரியம் இல்லை. நடந்ததோ மறதியில். வேலையும் போயிற்று: மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

மே 6

மளிகைக் கடையில் கல்லாக்காரர் என் முட்டை அட்டைகளை எடுத்து வைத்து, “ஒண்ணு... அடுத்தது என்னம்மா? வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். வரிசையே சிரித்தது. முட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மைதானத்தில் அந்தக் கோட்டையே தினம் தினம் அவன்தானே போட்டான்? அப்போது எவன் சிரித்தான்?

மே 9, வியாழன்

பெட்டி கட்டுவது இருக்கட்டும். முதலில் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் டிலன் வந்தான், காலிப் பெட்டிகளோடு. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

“அக்கா, நான் வெளிய சொன்னா என் பெட்டியையும் கட்டணும். ஆனா உங்களுக்குத் தெரியணும். முதல் தடவை மேட்டுக்குப் போயிட்டு வந்தவுடனே நெல்ஸ் என்கிட்ட, ‘அந்தப் பக்கம் ஓடு, மாத்துப் பையன் கையைச் சூடு பண்ணு, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு’ன்னார். மறந்துபோற மனுஷன் எதுக்குக்கா முன்கூட்டியே ஆளைத் தயார் பண்ணணும்?”

நெல்ஸ் வந்ததும் கேட்டேன். கால்சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தான்.

“டிலனுக்கு வாய் நிக்காது” என்றான்.

“ஊரே உன்னை முட்டாள்ங்குது! நான் சொல்றேன், இப்பவே போய்—”

“சொல்லாத. தன்னால முடியும்னு மைக்கா நம்புறான். அவன் மேல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆகிடும். அப்பா முன்னாடி வேற. இப்ப என் மேல கோபம்தானே? இருந்துட்டுப் போகட்டும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எழுந்து நின்னு மைதானத்துக்கே சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் நான் என்ன ஊராரா? ஐந்து நாள் அவனைப் பேசிய பேச்சு எல்லாம்... ஒன்றுக்குக்கூடத் திருப்பிப் பேசாமல் வாங்கிக்கொண்டானே, பாவி!

மே 17

மைக்காவின் ஸ்கேன் வந்தது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. அன்றே இன்னும் கொஞ்சம் வீசியிருந்தால் அறுந்திருக்கும் என்றாராம் மருத்துவர். அறுவை வேண்டாம், ஓய்வு போதும். பிரெக்கன் கல்லூரிப் பத்திரிகைக்கு அளித்த பேட்டி: ‘எங்கள் வீரர்களின் உடல்நலமே எங்களுக்கு முதன்மை.’

தாளைக் கிழித்து டெஸ்ஸா விளையாடினாள். நான்தான் கொடுத்தேன்.

மே 31, வெள்ளி

காலி செய்துவிட்டோம். மூன்று மணிநேரத் தொலைவில் ஒரு உயர்நிலைப் பள்ளி. அங்கே நெல்ஸுக்குக் கணக்கு ஆசிரியர் வேலை, பேஸ்பாலும் உண்டு. கணக்கு! நானே சிரித்துவிட்டேன்.

மைக்கா வந்து பெட்டிகளை இடது தோளில் தூக்கினான். இன்னும் முழுசாக முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் வந்தான்.

வண்டி நிறைந்தபோது பிரெக்கன் அந்தப் பக்கமாக வந்தார். “புது ஊர்லயாவது எண்ணக் கத்துக்கோ, நெல்ஸ்.”

என் நாக்கு நுனியில் முழு வாக்கியம், கமா முதற்கொண்டு தயாராக இருந்தது. மைக்கா இரண்டடி தள்ளி நின்றான்.

“முயற்சி பண்றேன், கோச்” என்றான் நெல்ஸ்.

நான் டெஸ்ஸாவின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு வண்டியில் ஏறினேன். கடைசிச் சோள வயல் தாண்டும்வரை அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். நெல்ஸ் ஓட்டிக்கொண்டே சிரித்தான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் திட்டினேன்.