விடுதித் தாளில் மூன்று பொட்டு

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பாவின் முழங்கால் எப்படி? நம் தீவில் கடல் உறைந்துவிட்டதா?

நேற்று பள்ளியில் ஊர்க்கூட்டம். பள்ளியின் அடுத்த ஆண்டுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டு, செலவுக்கு ஒரு தாளாகச் சுவரெல்லாம் ஒட்டி, ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு கொடுத்தார்கள். எது முக்கியமோ அதில் ஒட்டவேண்டும். நான் ஒன்றைத் தலைமையாசிரியர் ஹால்வர்சன் முதுகில் ஒட்டினேன். கை அரித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் பார்த்தால் ஹாக்கித் தாளுக்கு அம்மை போட்டதுபோல் ஒரே சிவப்பு. எங்கள் விடுதித் தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் விமானம் ஏறியல்லவா வரவேண்டும்! மீதி இரண்டையும் அதில் ஒட்டினேன். கோட்டைக் கழற்றிய ஹால்வர்சன் பொட்டைக் கண்டார்.

"டேய் மாட்ஃபி, எனக்கு எதுக்குடா செலவு? நான் பழைய கட்டடம், தேறமாட்டேன்" என்று அதையும் அங்கேயே ஒட்டினார். மொத்தமே மூன்று.

பொட்டு குறைந்ததற்குப் பணம் கிடைக்காதாம். விடுதியை மூடினால் என் படிப்பு இதோடு சரி. வியாழக்கிழமை பள்ளிக் குழு கூடி முடிவெடுக்கிறது. பெற்றோர் போனில் பேசலாமாம், நீ பேசு. நான் உன்னைத் தேடுவதாக மட்டும் சொல்லிவிடாதே, 'வீட்டிலேயே இருக்கட்டும்' என்பார்கள்.

காய்ந்த சால்மன் மீன் அனுப்பு. தபால் கிளம்புகிறது.

கொடுக்கும் நேரம் முழுக்கப் பேசும்மா. குழுக் கூட்டம் ரேடியோவில் வரும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாட்ஃபி