மாதிரி நோயாளிக்கு ஆகாத மருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" நலமா நலக்குறைவா என்று அம்மாவும் நானும் தினமும் வாதாடுகிறோம். சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே நீ இணைப்பைத் துண்டித்துவிடுவதால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு மாமா வந்து சரி பண்ணுகிறேன் என்று திருகியதில் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. என் கணக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அதைப் பற்றி நாம் இருவருமே பேசாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வட்டார மருத்துவத் தகவல் தொழில்நுட்பச் சங்கத்தில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. (இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்குத்தான் உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள் போலிருக்கிறது.) குதிக்காதே, உட்கார்ந்து படி. என் பதவியின் பெயர் மாதிரி நோயாளி.

சங்கத்தின் கண்காட்சியைப் பார்க்கச் சட்டமன்றத்தின் சுகாதாரக் குழு வருகிறது. "சட்டமெல்லாம் போட வேண்டாம், எங்கள் கணினிகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன" என்று அவர்களுக்குக் காட்டப்போகிறார்கள். அதற்காக மண்டபத்தில் நாலு அரங்குகள் போட்டிருக்கிறார்கள். கிளினிக், பரிசோதனைக்கூடம், பெரிய மருத்துவமனை, மருந்துக்கடை, ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். காய்ச்சலும் தொண்டைவலியும் வந்த ஒரு நோயாளி நாலுக்கும் நடந்து போக வேண்டும். அவள் போகும் இடமெல்லாம் அவள் விவரமும் முன்னால் போய் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று உனக்குத் தெரியும். தெருமுனை கிளினிக்கின் கணினியில் அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று பதிவாகியிருந்தது. நாலு தெரு தள்ளியிருந்த மருத்துவமனையில் அதையே ஊசியாகப் போட்டார்கள். அப்பா போய்விட்டார். ஓர் இடத்தில் பதிந்த ஒவ்வாமை எல்லா இடத்திலும் தெரியும்படி இணைப்பது கட்டாயம் என்று சட்டம் வர வேண்டும் என்பதற்காகத்தான் நீ அந்தச் சங்கத்தில் வேலைக்கே சேர்ந்தாய். ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்தப் பரிந்துரையை எழுதினாய். உறுப்பினர் கம்பெனிகள் முகம் சுளித்ததும் சங்கத் தலைவர் "கட்டாயம்" என்பதை அடித்துவிட்டு "தன்னார்வ ஒத்துழைப்பு" என்று போட்டார். அதில் தன் ஆர்வம் இருக்கிறது, ஒத்துழைப்பைத்தான் காணோம். மறுவாரமே நீ வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய்.

நீ நம்பிக் கொடுத்த அப்பாவின் படம் இன்னும் அவர்களுடைய கொள்கை விளக்கக் கையேட்டின் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதெல்லாம் அப்பாவுக்கு எதிராகத்தான்.

ஒத்திகையில் அந்தச் சங்கத் தலைவரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரிய எப்போதும் சிரிக்கிறாரே, நான் அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மேடை மேடையாக அப்பாவின் கதையைச் சொன்ன மனிதருக்கு, அப்பாவுக்கு இன்னொரு பெண் இருப்பது தெரியவில்லை. என் கன்னத்தைத் தட்டி, "நல்லா இருமணும் பாப்பா, நம்புற மாதிரி இருமணும்" என்றார். நான் அவர் கழுத்துப்பட்டையைப் பார்த்து மனமார இருமினேன்.

ஒரு வேடிக்கை கேள். முதல் அரங்கில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, கடைசி அரங்கின் திரையில் என் பெயரும் காய்ச்சலும் மாத்திரையும் தயாராக இருந்தன. எனக்கு உடம்புக்கு வருவதற்குள் மருந்து வந்துவிட்டது! தரையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த கேபிள் அண்ணனிடம், "இத மிதிக்கலாமா அண்ணா?" என்று கேட்டேன். "தாராளமா மிதி. அது எங்கயும் போகல, சும்மா பாக்க அழகா இருக்கட்டும்னு போட்டிருக்கு" என்றார்.

நாலு அரங்கிலும் ஒரே விவரத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டார்கள், அக்கா. கணினிகள் ஒன்றோடொன்று பேசவே இல்லை, எல்லாம் ஒரே பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு நிற்கின்றன. அப்பாவைக் கொன்ற அதே மௌனத்துக்குச் சாயம் பூசி, ரிப்பன் கட்டி, கைதட்டல் வாங்கப்போகிறார்கள். கைதட்டட்டும். சிரிக்கிற பல்லில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

விஷமம் பண்ணாதே என்று நீ சொல்வாய். அதனால்தான், நிகழ்ச்சி முடிந்த பிறகு உன் கைக்குக் கிடைக்கிற மாதிரி கணக்குப் பண்ணி இதைத் தபாலில் போடுகிறேன். இந்த ஒரு கணக்கில் நான் நூற்றுக்கு நூறு.

பழியும் பாசமுமாக,
வாலு


அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரம் முதல் கடிதம் கிடைத்திருக்கும், நீ திட்டியும் முடித்திருப்பாய். திட்டிய களைப்பில் இதைப் படி. முடிந்துவிட்டது. ஆனால் நான் நினைத்த மாதிரி முடியவில்லை.

சுகாதாரக் குழுவின் தலைவி ஒரு பெரிய கண்ணாடி போட்ட அம்மா. முன்பு பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தாராம். பார்த்தாலே நமக்கு வீட்டுப்பாடம் முடிக்காத குற்ற உணர்ச்சி வரும். அவர் பின்னால் உறுப்பினர்கள், அவர்கள் பின்னால் கம்பெனிக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால் பல்லழகர். அப்பாவின் கதையோடுதான் பேச்சைத் தொடங்கினார். "இனி இப்படி ஒரு தந்தையை நாம் இழக்க மாட்டோம்" என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதையும் ஒத்திகை பார்த்திருப்பார் போல, சரியான இடத்தில் தழுதழுத்தது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டியிருக்காவிட்டால் என்ன செய்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

முதல் அரங்கில் வெள்ளைக் கோட்டு போட்ட விற்பனைப் பிரதிநிதி ஒருவர் டாக்டராக உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் சொன்னேன், தொண்டைவலி சொன்னேன், இருமினேன். பிறகு யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு வரியைச் சொன்னேன். "டாக்டர், எனக்குப் பென்சிலின் ஆகாது. போட்டா மூச்சு அடைச்சுக்கும்." அவர் என்னைப் பார்த்தார், பல்லழகரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கண்ணாடி அம்மா, "என்ன யோசிக்கிறீங்க? பொண்ணு முக்கியமானதைத்தான் சொல்லுது, பதிஞ்சுக்குங்க" என்றார். பதிந்துகொண்டார். எல்லாரும் பார்க்க, பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. பாவம், பல்லழகரே முதலில் கைதட்டினார்.

அப்புறம் நடை. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பதுபோல் நடித்தார்கள். பெரிய மருத்துவமனையில் ஓர் அக்கா கடகடவென்று மருந்து எழுதினார். மருந்துக்கடையில் ஒரு பெட்டியை என் கையில் வைத்தார்கள். ஒத்திகையில் பார்த்த அதே பென்சிலின் மாத்திரை. தலைக்கு மேலே இருந்த திரையில் கொட்டை எழுத்தில், ஒவ்வாமை: எதுவும் இல்லை.

நான் பெட்டியைக் கண்ணாடி அம்மாவிடம் நீட்டி, "மேடம், இதை இப்பவே முழுங்கணுமா, இல்ல வீட்டுக்குப் போய்ச் சாகலாமா?" என்று கேட்டேன்.

பல்லழகரின் உதடு பல்லை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ சிறிய கோளாறு என்றார்கள். கண்ணாடி அம்மா, "அப்படியா, திரும்பச் செய்யுங்க, இப்ப நான் நோயாளி" என்று தானே முதல் அரங்கில் போய் உட்கார்ந்து, தனக்குச் சர்க்கரை நோய் என்றார். கடைசி அரங்குக்கு வந்தபோது திரை அவரையும் பதினாறு வயதுப் பெண் என்றது, தொண்டைவலி என்றது. "பதினாறுன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றார். உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். சங்கத்துக்குச் சங்கு ஊதியாயிற்று என்று நான் உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பல்லழகர் வாயைத் திறந்தார். "கணினி இருக்கோ இல்லையோ, ஒவ்வொரு கவுண்டர்லயும் வாயால சொல்ல வேண்டியது நோயாளியோட பொறுப்பு. நோயாளியால முடியலன்னா கூட வந்தவங்க சொல்லணும். அந்தத் தந்தை விஷயத்துலகூட, கூட வந்த பொண்ணுகிட்ட எதாவது ஆகாதான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னது அந்தப் பொண்ணுதான். அதை நான் அவங்ககிட்டயே சொல்லியிருக்கேன். அதனாலதான் அவங்களே பரிந்துரையை வாபஸ் வாங்கிட்டுப் போனாங்க."

அக்கா, ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

நீ சம்பளத்துக்காகப் போனாய் என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள். கோபத்தில் போனாய் என்று நான் நினைத்தேன். இப்படி ஒன்றை உன் தலையில் தூக்கி வைத்துத்தான் அந்த ஆள் உன்னை அனுப்பினார் என்று எங்களுக்குத் தெரியாது. போனில் வரும் அந்த "ம்"முக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

விஷமமெல்லாம் எங்கே போனதோ, நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "அந்தப் பொண்ணு என் அக்கா" என்றேன். "உங்க கையேட்டு அட்டையில இருக்கிறது எங்க அப்பா. அவருக்கு என்ன ஆகாதுன்னு அவர் வீட்ல யாருக்கும் சொன்னதில்ல. அவரே மயங்கிக் கிடந்தார். தெரியாதத எங்க அக்கா எப்படிச் சொல்லுவா? தெரிஞ்சிருந்த கணினிகிட்ட ஒருத்தரும் கேக்கலையே, அது யாரோட பொறுப்பு சார்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் கடிதத்தில் எழுதுகிற மாதிரியான வார்த்தைகள் இல்லை. கேபிள் அண்ணன்தான் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

பல்லழகர் என்னை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன். மன்னிக்கமாட்டேன். நீ மன்னித்துவிடு என்று சொன்னாலும் மாட்டேன்.

கண்ணாடி அம்மா தன் கையிலிருந்த கையேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாபஸ் வாங்கினதா அவங்க கைப்பட எழுதிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். பல்லழகர் வாய்மொழியாகத்தான் என்றார். "அப்ப நானும் அவங்க வாய்மொழியாவே கேட்டுக்கறேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, அடுத்த மாதம் குழுவின் விசாரணை இருக்கிறது, உன் அக்கா வருவாளா என்று கேட்டார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே பெரிய விஷமம் அது, மாட்டிக்கொண்டது நீ. வருவாள் என்று சொல்லிவிட்டேன். திரையில் முகம் காட்டினாலே போதும் என்றார்கள். திரையை நம்புகிற வீடு இல்லை எங்கள் வீடு, நேரில்தான் வருவாள் என்றேன். உன் பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அவ இதையா இத்தன நாளும் தூக்கிட்டு அலையுறா?" என்றாள். மடித்த துணியையே மறுபடி பிரித்துக்கொண்டு, "அன்னிக்கு அவ இடத்துல நான் நின்னிருந்தாலும் இல்லைன்னுதான்டி சொல்லியிருப்பேன். முப்பது வருஷம் கூட இருந்த எனக்கே தெரியாதே" என்றாள். இதை உனக்குக் கட்டாயம் எழுதச் சொன்னாள். தானே எழுதலாமே என்று பேனாவை நீட்டினேன். வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பல்லழகரைப் பார்த்துச் சந்தி சிரிக்க வைத்தாயிற்று. என் பங்குப் பழி முடிந்தது. உன் பங்கு மிச்சமிருக்கிறது, அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த விசாரணை அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்குத் தெரியாது, தெரிய வைக்க வேண்டியது நீங்கள்" என்று நீதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிடு. அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, உனக்குக் கேட்கட்டும்.

என் மேல் கோபமென்றால் வாசலிலேயே காதைத் திருகு, இரண்டையும் காட்டுகிறேன். வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதே. அக்காவுக்குத் தங்கை ஆசி கூறக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். இன்று ராத்திரி நீ நன்றாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.

உன்னை மாட்டிவிட்ட தங்கை,
வாலு