புல்மேல் கிடந்த அலமாரி

பெண்டிகோ, ஆஸ்திரேலியா
14 செப்டம்பர் 1997, ஞாயிறு

அன்பு மகள் ஹேலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நாய் பிஸ்கட் மூவரும் சௌக்கியம், மூவரில் நாய்தான் கொஞ்சம் அதிக சௌக்கியம், அதற்கு முட்டிவலி கிடையாது, உன் அம்மா சொல்வதும் புரியாது. அங்கே எடின்பரோவில் நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய். போன மாதம் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்ப்பா, நல்லா இருக்கேன்ப்பா" என்று இரண்டு முறை சொன்னாய், ஒரு முறை சொல்லி நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். அம்மாவிடம் மட்டும் உண்மை பேசுகிறாய் போலிருக்கிறது. ரிசீவரை வைத்துவிட்டு வந்தவள், "சூட்கேஸ் மேல தட்ட வெச்சு சாப்பிடறாளாம் நெவில், வீடு மாறி ஆறு மாசம் ஆகுது, ஆறு பெட்டியும் ஒட்டின டேப்போட அப்படியே கெடக்காம்" என்று சொல்லிவிட்டு, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். நீ விட்டுவந்த ஸ்டூவர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், இதோ அந்த ஒரு வார்த்தையும் தீர்ந்துபோயிற்று. ஆனால் அந்த ஆறு பெட்டிகளைப் பற்றி எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவற்றை நீ திறக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் என் மானம் போன கதை வரும், அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் தெருவில் பழைய சாமான் அள்ளும் வாரம் வந்தது. உனக்குத் தெரியாததா, வருடம் முழுக்க ஒழுங்காக இருக்கிற நம் ஜனம் அந்த ஒரு வாரம் மட்டும் அடுத்தவன் வாசலைப் பார்த்தபடியே நடக்கும். வேண்டாததை வாசல் புல்மேல் வைத்தாயிற்று என்றால் நகரசபை லாரி வரும்வரை அது ஊர்ச்சொத்து. போன வருடம் நான் கொண்டுவந்த மூன்று மின்விசிறிகளில் ஒன்றுகூடச் சுற்றவில்லை என்பதால் இந்த வருடம் எனக்குத் தடையுத்தரவு. சனிக்கிழமை காலை, நாயை நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினேன். உன் அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "நாய்க்கு எதுக்கு தள்ளுவண்டி? அதுக்குக் கால் வலியா?" என்றாள். முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று எதையோ உளறிவிட்டு நழுவினேன்.

பதினேழாம் எண் வீட்டு வாசலில் அது இருந்தது, ஹேலி. நாலு இழுப்பறை வைத்த அலமாரி, அசல் மரம், ஒரு கால் மட்டும் லேசாக ஆட்டம், பித்தளைப் பிடிகள் கறுத்துப்போயிருந்தன. பக்கத்தில் ஒரு மெத்தை, ஒரு விளக்கு, சுருட்டிய பாய். ஆள் நடமாட்டமே இல்லை. இப்படிப்பட்ட பொருளைத் தூக்கியெறிகிற மகாராசன் எவனோ என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு, எதிர்வீட்டு மெர்வைக் கூப்பிட்டேன், அவன் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் பிடிக்க, தள்ளுவண்டியில் ஏற்றி நம் பின்கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டோம். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாலும் வரலாம், உன் அறையில் வைக்கலாம் என்று எண்ணம். அடுத்த மூன்று நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பாய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஆடுகிற காலுக்கு ஆப்பு வைத்து ஒட்டினேன், அம்மா சமையலறைக்கு வாங்கிவிட்டு "முட்டைக்கரு மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிய மஞ்சள் பெயின்ட்டை எடுத்து இரண்டு கோட்டு அடித்தேன், இழுப்பறைகளின் உள்ளே மிச்சமிருந்த சுவர்த்தாளை வெட்டி ஒட்டினேன். பித்தளைப் பிடிகளைக் கழற்றிவிட்டு, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து நூல் தீர்ந்த மரக்கட்டைகளைத் திருடி, பெயின்ட் அடித்து, நடு ஓட்டையில் திருகாணி விட்டு முடுக்கினேன். எட்டுப் பிடிக்கு எட்டுக் கட்டை. கொட்டகை வாசலில் நின்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், டீ ஆறிப்போனது.

புதன்கிழமை உன் அம்மா பூசணி ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பதினேழாம் வீட்டுக்குப் போனாள், யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்களாம். திரும்பி வந்து மிச்ச ஸ்கோனை என் முன்னால் வைத்துவிட்டு ஆரம்பித்தாள், "பாவம் நெவில், ரோவினான்னு பேரு, நம்ம ஹேலிய விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். புருஷனை விட்டுட்டுத் தனியா வந்திருக்கா, ஏழு வயசுல ஒரு பொண்ணு. சனிக்கிழமை சாமானெல்லாம் வாசல்ல இறக்கி வெச்சுட்டு அடுத்த நடை போயிட்டு வந்து பாத்தா டிராயர் அலமாரியக் காணோமாம். புருஷன் கிரெக்தான் பின்னாடியே வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு போன் போட்டு கிழிகிழின்னு கிழிச்சிருக்கா. அவன் நான் எடுக்கவே இல்லன்னு தலையில அடிச்சு சொல்றான், இவ நம்பல. இந்த ஞாயித்துக்கிழமை பொண்ண உங்கிட்ட அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாளாம்." கடித்த ஸ்கோனைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "அலமாரி என்ன மாதிரி இருக்குமாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "காதுல என்னது மஞ்சளா?" என்றாள்.

மெர்வ் ஒரு யோசனை சொன்னான், "பேசாம மறுபடி புல்லு மேலயே வெச்சுடு, யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்க, அப்புறம் அது அவங்க பாடு." மெர்வ் முப்பது வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன், எந்தப் பொருளையும் அடுத்த ஆள் கைக்குத் தள்ளிவிடத்தான் அவனுக்குத் தெரியும். உன் அம்மாவோ, "ஒரு குழந்தைக்கு அப்பா முகம் இல்லாம போகுது, நீ இங்க நின்னு யோசிச்சிட்டிருக்க. இப்பவே தூக்கு" என்றாள். பட்டப்பகலில் மெர்வும் நானும் அந்த முட்டைக்கரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தோம். ஆளாளுக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பதினோராம் எண் டோரின் கிழவி ரோஜாச்செடி வெட்டுவதை நிறுத்திவிட்டு, "நெவில், கோழிக்கூடு ரொம்ப அழகா இருக்கு, யாருக்கு?" என்று கத்தினாள். அலமாரிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டேன்.

ரோவினா கதவைத் திறந்தாள். ஏம்மா, உன் அலமாரிய எடுத்தது கிரெக் இல்ல, நான்தான், வேண்டாம்னு போட்டிருக்கேன்னு நினைச்சுட்டேன் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. சுவர் ஓரமாகப் பெட்டிகள், ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. நடுவில் ஒரு சூட்கேஸ், அதன்மேல் ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஹேலி, உன் அம்மா சொன்னபோது எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தது. அங்கே நின்று பார்த்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது.

அந்தப் பெண் அலமாரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நூல்கட்டையைப் பிடித்து ஒரு இழுப்பறையை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். "கல்யாணம் ஆன புதுசுல வாங்கினது. பாக்கவே புடிக்கல, அதான் கடைசியா உள்ள கொண்டு போலாம்னு வெளியவே விட்டிருந்தேன்" என்றாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மெர்வ் பயந்துபோய் வாசலுக்குப் போய்விட்டான். அவள் எங்கள் எதிரிலேயே போனை எடுத்து, "கிரெக், நான் சொன்னது தப்பு. எடுத்தது நீ இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போ" என்றாள், எதிர்ப்பக்கம் என்ன சொன்னதோ, "இல்ல, இது ஒரு பெரியவர், காதுல பெயின்ட்டோட நிக்கிறாரு" என்றாள். வைத்ததும் என்னிடம் திரும்பி, "அந்த மஞ்சள்ல மீதி இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு இதைவிட இனிமையாக யாரும் எதையும் கேட்டதில்லை.

அப்புறம் என்ன, நேற்று முழுக்க அங்கேதான். வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது, சுவருக்குப் பெயின்ட் கூடாது, உன் வீட்டுக்காரம்மா போட்ட அதே சட்டம். எனவே நாங்கள் செய்ததையெல்லாம் நீயும் செய்யலாம், கவனமாகப் படி. சோளமாவைக் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறு, கஞ்சி மாதிரி ஆனதும் ஆறவை, மெல்லிய பருத்தித்துணியை அதில் நனைத்துச் சுவரில் ஒட்டினால் சுவர்த்தாள் போல ஒட்டிக்கொள்ளும், காலி செய்யும்போது ஈரப்படுத்தி உரித்தால் கையோடு வந்துவிடும். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒட்டிப் பார். நான் பார்க்காமல் ஒட்டினேன், பூக்களெல்லாம் தலைகீழாக நிற்கின்றன, ரோவினா அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். நாலைந்து செங்கல், இரண்டு பலகை, அதுதான் புத்தக அலமாரி, ஆனால் இரண்டு தட்டுக்குமேல் போகாதே, மூன்றாவது தட்டு எப்படி விழும் என்று மெர்வின் கால் கட்டைவிரலைக் கேள். கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வை, உங்கள் ஊரில் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் இரண்டாகும். சாயங்காலம் உச்சியில் இருக்கிற விளக்கைப் போடாதே, அது ஆஸ்பத்திரி வெளிச்சம், மூலையில் ஒரு சின்ன விளக்கு போதும். பெரிதாகத் திட்டமெல்லாம் போடவேண்டாம், ஒரு மூலை போதும். உட்கார்ந்து டீ குடிக்க ஒரு மூலை அழகாக இருந்தால் மற்ற மூலைகள் வெட்கப்பட்டு வழிக்கு வரும். அந்த வீட்டில் நீ எவ்வளவு நாள் இருப்பாயோ தெரியாது என்றுதான் பெட்டியைத் திறக்காமல் இருக்கிறாய், எனக்குப் புரிகிறது கண்ணு. ரோவினாவும் அதையேதான் சொன்னாள். ஆனால் ஆறு மாதம் என்பதும் இருந்த நாள்தானே, அதற்கும் ஒரு மேசை வேண்டாமா.

போன ஞாயிறு கிரெக் பெண்ணைக் கூட்டிப்போக வந்தபோது நான் தற்செயலாக வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தேன், உன் அம்மா தற்செயல் இல்லை என்பாள். அவன் கூடத்துக்குள் எட்டிப்பார்த்து, "யார் இத இந்தக் கோலம் பண்ணினது?" என்று கேட்டது காதில் விழுந்தது. ரோவினா என் பக்கம் கையைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். அவ்வளவுதான். அந்தக் குழந்தை ஒரு கையில் பையும் மறுகையில் அப்பாவுமாக ஓடியது.

உன் அறையில் அலமாரிக்கு என்று ஒதுக்கிய இடம் காலியாகவே இருக்கிறது, இருக்கட்டும், நீ வரும்போது சேர்ந்து தேடலாம், இனி கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் தூக்குவேன். உன் அம்மா ஒரு கம்பளி விரிப்பு பின்னிக்கொண்டிருக்கிறாள், தனியாக அனுப்புவாள். குளிர் வருகிறது, காலுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, தட்டு எதன்மேல் இருந்தாலும் சரி. அம்மாவின் முத்தங்களும் பிஸ்கட்டின் வாலாட்டலும் என் ஆசிகளும் இதோடு வருகின்றன, எல்லா நலமும் உன்னைத் தேடி வந்து கதவைத் தட்டட்டும். இந்த உறையில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு நூல்கட்டையும் திருகாணியும் வைத்திருக்கிறேன், ஒன்பது அடித்தேன், எட்டுத்தான் தேவைப்பட்டது, ஒன்பதாவது உனக்கு. எதிலாவது முடுக்கிச் சாவியை மாட்டிக்கொள். முடுக்க ஒரு திருப்புளி வேண்டும், நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது நான் கொடுத்த சிவப்புப் பிடி போட்ட திருப்புளி உன்னிடம் இருக்கிறது, உன் அம்மாதான் அதைக் காலுறையில் சுற்றிக் கொடுத்தாள், "அந்த ஆறு பெட்டியில ஏதோ ஒண்ணுல இருக்கும்" என்று நீயே அவளிடம் சொன்னாயாம். எந்தப் பெட்டியில் இருந்தது என்று மட்டும் பதில் எழுது, வேறொன்றும் எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
காதில் இன்னும் மஞ்சள் போகாத
உன் அப்பா நெவில்